தகவல் புதியதுதான், அது யாருக்கானது?

மூன்று மாதங்களுக்கு முன் மாரடைப்புக்குச் சிகிச்சை பெற்று, இதயத் தமனியில் ஸ்டென்ட் பொருத்தப்பட்ட 64 வயதுப் பெரியவர் ஒருவர் மறுபரிசோதனைக்கு வந்திருந்தார். இரத்த அழுத்தம், இ.சி.ஜி. இரண்டும் நன்றாகவே இருந்தன. எழுந்து புறப்படும் நேரத்தில் அவருடைய மனைவி கைப்பையிலிருந்து ஓர் ஆஸ்பிரின் அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். அன்றைக்குள் தீர்ந்திருக்க வேண்டிய அட்டையில் ஒன்பது மாத்திரைகள் மீதமிருந்தன. “தம்பிதான் நிறுத்தச் சொன்னான் டாக்டர், போன்ல பார்த்தானாம்” என்றார், அருகில் நின்ற மகனைக் காட்டி.

மகன் நன்கு படித்தவர். தந்தைமீது மிகுந்த அக்கறை உடையவர். கைப்பேசியிலுள்ள செயற்கை நுண்ணறிவு உரையாடு செயலியிடம் அவர் கேட்டது ஒரே வரி: அறுபது வயதைக் கடந்தவர்கள் தினமும் ஆஸ்பிரின் உட்கொள்வது பற்றி இப்போதைய பரிந்துரை என்ன? செயலி இணையத்தில் தேடிச் சில நொடிகளில் விடையளித்திருந்தது. இரத்தக்கசிவு அபாயம் இருப்பதால், 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் இதய நோயைத் தடுக்கும் பொருட்டு ஆஸ்பிரினைத் தொடங்க வேண்டாம் என்று அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2022 ஏப்ரலில் பரிந்துரைத்துள்ளது என்பதே அதன் சாரம்.

அந்த விடையில் பொய் எதுவும் இல்லை. அப்படியொரு பரிந்துரை உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அது இதய நோய் இதுவரை வராதவர்களுக்கு உரியது. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களையும் ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர்களையும் பற்றி அது பேசவே இல்லை. ‘தொடங்க வேண்டாம்’ என்பதும் ‘நிறுத்திவிடுங்கள்’ என்பதும் ஒன்றல்ல.

ஸ்டென்ட் என்பது மெல்லிய உலோக வலைக்குழாய். அதன் உட்புறம் இரத்தக் குழாயின் சவ்வு படர்ந்து மூடுவதற்கு மாதங்கள் ஆகும். அதுவரை இரத்தத் தட்டணுக்கள் அந்த உலோகத்தில் ஒட்டிக்கொண்டு கட்டியாக உறையக்கூடும். அதனைத் தடுக்கவே, மாரடைப்புக்குப் பின் ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர்களுக்குப் பொதுவாக ஓராண்டுக்கு ஆஸ்பிரினுடன் மற்றொரு தட்டணுத் தடுப்பு மருந்தும் தருகிறோம். மருந்தைத் திடீரென நிறுத்தினால் ஸ்டென்ட் முழுவதும் அடைபட்டு மறுபடியும் மாரடைப்பு வரலாம். அது உயிரைப் பறிப்பதும் உண்டு. இப்பெரியவர் இரண்டாவது மாத்திரையை விடாமல் உட்கொண்டிருந்தது நல்லூழ் என்றே சொல்ல வேண்டும்.

மகனைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. அவரையே அங்கு அமர்த்தி, அதே செயலியில் மீண்டும் கேட்கச் சொன்னேன். இம்முறை தந்தையின் வயது, மாரடைப்பு வந்த மாதம், ஸ்டென்ட், உட்கொள்ளும் இரண்டு மாத்திரைகள் ஆகிய அனைத்தையும் எழுதினார். இதய மருத்துவரைக் கேட்காமல் ஆஸ்பிரினை நிறுத்தக் கூடாது என்று முதல் வரியிலேயே விடை வந்தது. ஒரே செயலி, ஒரே தந்தை. விடை மட்டும் நேர்மாறு.

இது ஏன் நிகழ்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. இச்செயலிகள் ஒரு குறிப்பிட்ட நாள்வரை எழுதப்பட்டவற்றைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்டவை. அதற்குப் பின்வந்த செய்திகள் தேவையெனில் அவை இணையத்தில் தேட வேண்டும். நம் கேள்வியிலுள்ள சொற்களைத் தேடுசொற்களாக்கி, கிடைக்கும் பக்கங்களில் சிலவற்றை எடுத்து, அவற்றிலிருந்து ஒரு விடையைத் தொகுக்கின்றன. எனவே, கேள்வியில் ஸ்டென்ட் இல்லையென்றால் தேடலிலும் அது இராது. எங்களிடம் வரும் நோயாளியிடம் நாங்கள் பத்துக் கேள்விகள் கேட்ட பிறகே ஒரு விடை சொல்கிறோம். செயலியோ பெரும்பாலும் எதையும் திருப்பிக் கேளாமலே விடை சொல்லிவிடுகிறது. தேடாமல், பழைய பயிற்சியிலிருந்தே பேசுவதும் உண்டு. விடையின் கீழ் இணைப்புகள் எதுவும் இல்லையென்றால், “இணையத்தில் தேடி, எந்தத் தளம், எந்தத் தேதி என்று சொல்” எனக் கேளுங்கள்.

இணைப்பு இருந்தால் அதனைத் திறந்து பாருங்கள். இதை நான் வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த மகனின் கைப்பேசியில் முதல் விடைக்கான இணைப்பைத் திறந்தபோது, ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்களுக்கு இப்பரிந்துரை பொருந்தாது என்பது அப்பக்கத்தில் தெளிவாகவே இருந்தது. அவர் அதனைத் திறக்கவில்லை.

பக்கம் எந்த நாட்டைச் சேர்ந்தது என்பதும் முக்கியம். அமிலச் சுரப்புக்கான ரானிடிடின் மாத்திரையை, அதில் என்.டி.எம்.ஏ. என்னும் மாசு காணப்பட்டதால், 2020-இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து முற்றிலும் விலக்கிக்கொள்ளச் செய்தனர். இந்தியாவில் அது விற்பனையில் தொடர்ந்தது; 2022-இல் அத்தியாவசிய மருந்துகளின் தேசியப் பட்டியலிலிருந்து மட்டும் நீக்கப்பட்டது. ‘தடை செய்யப்பட்ட மருந்தா?’ என்ற கேள்விக்கு நாட்டுக்கு ஏற்றபடி விடை மாறும். அளவுகளும் அப்படித்தான். குறைந்த அளவு ஆஸ்பிரின் நம் நாட்டில் 75 மில்லிகிராம், அமெரிக்காவில் 81 மில்லிகிராம். “எனக்கு ஆறு மில்லிகிராம் குறைவாகக் கொடுத்துவிட்டீர்கள்” என்று ஒருவர் என்னிடம் வருத்தப்பட்டதும் உண்டு.

இச்செயலிகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியிலுள்ள சொற்களுக்குப் பொருள் தெரிந்துகொள்ளவும், மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றை ஒழுங்குபடுத்திக்கொள்ளவும் அவை பெரிதும் உதவுகின்றன. அறிக்கையைப் படமெடுத்து அனுப்பும்போது பெயரையும் தொலைபேசி எண்ணையும் நோயாளி எண்ணையும் மறைத்துவிடுங்கள். மருந்தைத் தொடங்குவது, நிறுத்துவது, அளவை மாற்றுவது ஆகிய மூன்றையும் மட்டும் எங்களிடம் விட்டுவிடுங்கள். நெஞ்சில் இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறல் வந்தால் எந்தச் செயலியிடமும் எதையும் தட்டச்சு செய்ய வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள்.

அந்தப் பெரியவர் அன்றே ஆஸ்பிரினை மீண்டும் தொடங்கினார், நலமாக இருக்கிறார். மகன் இப்போதும் செயலியில் தேடுகிறார். ஆனால் தேடியதை ஒரு தாளில் எழுதித் தாயாரிடம் கொடுத்தனுப்புகிறார். சென்ற முறை நான்கு கேள்விகள் வந்தன. இரண்டுக்கு அங்கேயே விடை சொன்னேன்; மற்ற இரண்டுக்கும் நானும் புத்தகத்தைப் புரட்ட வேண்டியிருந்தது.