பெண்களுக்கும் சிறுநீர்ப்பாதை அடைபடும்

சிறுநீர் அடைப்பு என்றவுடன் முதிய ஆண்களின் புராஸ்டேட் சுரப்பியே பலருக்கும் நினைவுக்கு வருகிறது. பெண்களுக்கும் சிறுநீர்ப்பையின் வாயில் அடைப்பு ஏற்படுவதுண்டு. கேளம்பாக்கம், தையூர், திருப்போரூர் பகுதிகளிலிருந்து வரும் பெண்களுள் சிலர், ‘உடல் சூடு’ என்று கருதி இளநீரும் மோரும் பருகிப் பல மாதங்களைக் கழித்த பின்னரே எங்களை நாடுகின்றனர்.

அறிகுறிகள்

முக்கினால்தான் சிறுநீர் பிரிதல், மெலிந்த தாரை, கழித்த பின்னும் மீதம் இருப்பதாகத் தோன்றுதல், அடிக்கடி நீர்க்கடுப்பு ஆகியவை முக்கியமானவை. தேங்கிய சிறுநீரில் கிருமிகள் பெருகும். அடைப்பு நீடித்தால் அழுத்தம் மேலேறிச் சிறுநீரகங்களும் பழுதடையலாம்.

பரிசோதனை ஏன்?

சிறுநீர்ப்பை வலுவிழந்தாலும் இதே அறிகுறிகள் தோன்றும். யூரோடைனமிக் பரிசோதனையில் அழுத்தம் மிகுந்தும் ஓட்டம் குறைந்தும் இருந்தால் அது அடைப்பு. இரண்டுமே குறைந்திருந்தால் பெரும்பாலும் தசைத் தளர்ச்சி. அதற்கு அடைப்பு நீக்கும் அறுவை பயன் தராது. ஆகவே இப்பரிசோதனையைத் தவிர்க்க வேண்டாம்.

காரணத்திற்கேற்ற அறுவை

சிறுநீர்ப்பையின் கழுத்து திறக்க மறுத்தால் முதலில் மாத்திரை தருகிறோம். பலனில்லையெனில் உள்நோக்கிக் கருவி வழியே அங்கு சிறு கீறல் இடுகிறோம். பெண்களின் சிறுநீர்ப் புறவழி ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் நீளமே. கீறல் ஆழமானால் சிறுநீர்க் கசிவு நேரலாம் என்பதால் அளவோடு நிறுத்துகிறோம்.

கருப்பை இறக்கம் காரணமானால் அதனைச் சரிசெய்ய வேண்டும். கசிவைத் தடுக்க முன்பு பொருத்திய நாடா இறுகியிருந்தால் அதனை வெட்டித் தளர்த்துகிறோம். சிலருக்குக் கசிவு திரும்பலாம்.

புறவழி தழும்பேறிச் சுருங்கியிருந்தால், கம்பி விட்டு விரிப்பது பெரும்பாலும் தற்காலிக நிவாரணமே. மீண்டும் மீண்டும் சுருங்குவோருக்குக் கன்னத்தின் உட்சவ்வை எடுத்துப் புறவழியை அகலமாக்குகிறோம். வாய்ச்சவ்வைச் சிறுநீர்ப்பாதைச் சீரமைப்பில் பயன்படுத்தியதைக் கிரகாம் ஹம்பி 1941-ஆம் ஆண்டிலேயே பதிவு செய்துள்ளார். வெற்றிலை, புகையிலை மெல்லும் பழக்கம் இருந்தால் மறைக்காமல் கூறுங்கள்; அப்பழக்கத்தால் அச்சவ்வு இறுகிப் பயன்படாமல் போகலாம்.

வீடு திரும்பிய பின்

சவ்வு ஒட்டியவர்களுக்குக் கத்தீட்டர் இரண்டு, மூன்று வாரம் இருக்கும். அதன் பையை எப்போதும் இடுப்புக்குக் கீழே வையுங்கள். காய்ச்சலோ, கத்தீட்டரில் அடைப்போ நேர்ந்தால் உடனே வாருங்கள்.

அறுவைக்குமுன் எங்களிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: அடைப்பு எங்கே? கசிவு வர வாய்ப்பு எவ்வளவு? மீண்டும் அடைபட்டால் அடுத்த வழி என்ன? கூச்சத்தால் வாய் திறவாதிருப்பதே சிகிச்சையைத் தாமதப்படுத்துகிறது. உடன் வரும் குடும்பத்தினரும் அவர்களைத் தயக்கமின்றிப் பேச விடுங்கள்.