திருவொற்றியூருக்கு 42 பைட்

திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டு. உள்ளே போகும் டிரெய்லர் டிரைவருக்கு கேட்டில் ஒரு சீட்டு தருவார்கள். அதில் வண்டி எண், கன்டெய்னர் எண், டிரைவர் பெயர், ஊர் எல்லாம் இருக்கும். புது சாஃப்ட்வேர் போட்ட கையோடு ஒரு கூத்து. எண்கள் பளிச்சென்று விழுந்தன. பெயரும் ஊரும் வர வேண்டிய இடத்தில் தலையில் கோடு போட்ட சின்ன ஆங்கில ‘ஏ’க்களும், வட்டத்துக்குள் அடைபட்ட ‘ஆர்’களும் வரிசை கட்டி நின்றன. “இன்னாண்ணே, எம் பேரு எங்க?” என்று ஒரு டிரைவர் கேட்க, கவுன்டரில் இருந்தவர், “பிரின்டர் மக்கர் பண்ணுதுப்பா” என்று சொல்லி அடுத்த வண்டியைக் கூப்பிட்டார்.

பிரின்டர் பாவம். அதற்கு என்ன கொடுத்தார்களோ அதை அச்சடித்தது. புது சாஃப்ட்வேர் மேலும் குற்றமில்லை என்பதுதான் இதில் வேடிக்கை.

கணினிக்கு எழுத்து தெரியாது, எண் மட்டுமே தெரியும். எந்த எண் எந்த எழுத்து என்று சொல்லும் அட்டவணைக்குத்தான் கேரக்டர் செட் என்று பெயர். உலக மொழிகளுக்கான பொது அட்டவணையான யுனிகோடில் தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு தொகுதி உண்டு. அதில் உள்ள ஒவ்வொரு குறியும் யுடிஎஃப்-8 முறையில் சேமிக்கப்படும்போது மூன்று பைட் எடுத்துக்கொள்ளும். ‘த’ என்பது 224, 174, 164 என்ற மூன்று எண்கள். அந்தத் தொகுதியில் எந்தக் குறியானாலும் முதல் எண் 224தான். இரண்டாவது 174 அல்லது 175. மூன்றாவதுதான் ஆளுக்கு ஆள் மாறும்.

இதே எண்களை மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான பழைய லத்தீன் அட்டவணையை வைத்துப் படித்தால் 224 என்பது தலையில் கோடு போட்ட ‘ஏ’, 174 என்பது வட்டத்துக்குள் ‘ஆர்’. டிரைவரின் பெயர் எங்கும் போய்விடவில்லை, தப்பான அட்டவணையில் படிக்கப்பட்டிருக்கிறது.

அந்த அட்டவணையை யார் தேர்ந்தெடுத்தார்கள்? யாருமே இல்லை. அதுதான் டீஃபால்ட் செட்டிங். உலகெங்கும் சிறு கடை முதல் பெரிய இணையதளம் வரை புழங்கும் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் ஸ்வீடனில் 1995இல் பிறந்தது. எழுத்துகளை எப்படிச் சேமிப்பது, எப்படி அகரவரிசைப்படுத்துவது என்று நாம் எதுவும் சொல்லாவிட்டால், அது லத்தீன் அட்டவணையையும் ஸ்வீடிஷ் மொழியின் அகரவரிசையையும் எடுத்துக்கொண்டுவந்தது. ‘லத்தீன்1_ஸ்வீடிஷ்_சிஐ’ என்பது அந்த செட்டிங்கின் பெயர். 2018 ஏப்ரலில் 8.0 பதிப்பு வெளிவரும் வரை இதுவே டீஃபால்ட். அதாவது, அதுவரை நம்மூரில் அவசரமாக நிறுவப்பட்ட பல டேட்டாபேஸ்களுக்குள் தமிழ்ப் பெயர்கள் ஸ்வீடன்காரர்களாகவே குடியிருந்தன.

அப்படியானால் பழைய சாஃப்ட்வேரில் பெயர் சரியாகத் தெரிந்தது எப்படி? அது எழுதும்போதும் தப்பு செய்தது, படிக்கும்போதும் அதே தப்பைச் செய்தது. தமிழ் பைட்களை ‘இது லத்தீன்’ என்று சொல்லி உள்ளே தள்ளியது, ‘லத்தீனாகவே கொடு’ என்று வெளியே வாங்கியது. பைட்கள் போனபடியே திரும்பி வந்தன, திரையில் தமிழ் தெரிந்தது. இப்படி ஆண்டுக்கணக்கில் ஓடலாம். பிறகு ஒரு நாள், இணைப்பை யுடிஎஃப்-8 என்று ஒழுங்காக அறிவிக்கும் புது சாஃப்ட்வேர் வருகிறது. டேட்டாபேஸும் பொறுப்பாக லத்தீனிலிருந்து யுடிஎஃப்-8க்கு மாற்றிக் கொடுக்கிறது. குப்பை வெளியே வருகிறது. திட்டு வாங்குவது யார் என்று சொல்லத் தேவையில்லை.

துறைமுகத்தில் இந்தச் சிக்கலை முப்பது ஆண்டுகளுக்கும் முன்பே ஒரு வகையில் தீர்த்துவிட்டார்கள். கப்பல் நிறுவனங்களும் துறைமுகங்களும் பரிமாறிக்கொள்ளும் எடிஃபேக்ட் வகை மின் செய்திகளில், இதில் எந்த எழுத்துத் தொகுதி பயன்படுத்தப்பட்டிருக்கிறது என்பதைத் தலைப்பு வரியிலேயே நான்கு எழுத்துக் குறியாகச் சொல்லிவிட வேண்டும். ‘யூஎன்ஓஏ’ என்றிருந்தால் ஆங்கிலப் பெரிய எழுத்துகள், எண்கள், சில குறிகள், அவ்வளவுதான். கன்டெய்னர் எண்ணிலும் அதே கறார்: நான்கு ஆங்கில எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் சரிபார்க்க ஓர் இலக்கம். ஏதாவது ஓர் எழுத்தைத் தப்பாக அடித்தால் கடைசி இலக்கம் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

சென்னைத் துறைமுகமும் எண்ணூரின் காமராஜர் துறைமுகமும் இந்த ஒழுங்கில்தான் உலகத்தோடு பேசுகின்றன. ஆனால் அந்த ஒழுங்கின் விலை என்ன? ‘யூஎன்ஓஏ’வில் தமிழுக்கு இடமே இல்லை. பெட்டிக்கு அது போதும். பெட்டியை இழுத்துக்கொண்டு வரும் ஆளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அதை ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதிக்கொள் என்று சொல்வது தீர்வாகாது. அட்டவணையை முதலிலேயே அறிவித்துவிடும் பழக்கத்தை மட்டும் துறைமுகத்திடமிருந்து கற்றுக்கொள்ளலாம்.

‘திருவொற்றியூர்’ என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொண்டாலே டேட்டாபேஸின் எல்லா வியாதியும் வெளியே வந்துவிடும். நாம் எண்ணினால் ஏழு எழுத்து. யுனிகோட் எண்ணினால் 14 குறி, ஏனென்றால் உயிர்க்குறிகளும் புள்ளியும் தனித்தனியாகக் கணக்கில் வரும். யுடிஎஃப்-8இல் 42 பைட். ஆரக்கிள் டேட்டாபேஸில் ஊர்ப் பெயருக்கு 30 என்று அகலம் வைத்தால், டீஃபால்டாக அது 30 எழுத்தைக் குறிக்காது, 30 பைட்டைக் குறிக்கும். ஆங்கிலத்தில் 12 பைட்டில் அடங்கிய ஊர் தமிழில் உள்ளே நுழையவே முடியாது. எண்ணூர் 21 பைட், நுழைந்துவிடும். எண்ணூர்க்காரர்களை ஏற்றுக்கொண்டு திருவொற்றியூர்க்காரர்களைத் திருப்பி அனுப்பும் விண்ணப்பப் படிவத்தின் காரணம் இவ்வளவு அற்பமாக இருக்கலாம்.

அடுத்தது ‘வொ’. இந்த ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், எகரக் குறி, கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பைட் பைட்டாக ஒப்பிடும் டேட்டாபேஸுக்கு அவை வேறு வேறு ஊர்கள். தேடினால் பாதிப் பேர்தான் வருவார்கள். மீதிப் பேர் 45 பைட் திருவொற்றியூரில் இருப்பார்கள்.

இனி புள்ளி. விண்டோஸின் 1252 என்ற லத்தீன் அட்டவணையில் ஐந்து இடங்கள் காலி: 129, 141, 143, 144, 157. தமிழ் உகரக் குறியின் கடைசி பைட் 129. மெய்யின் மேல் வைக்கும் புள்ளிக்கு 141. தமிழ் ‘ஏ’வுக்கு 143, ‘ஐ’க்கு 144. தமிழில் ஓயாமல் வரும் இரண்டு குறிகள் சரியாக அந்தப் பள்ளத்தில் விழுகின்றன! மைஎஸ்கியூஎல் தன் லத்தீன் அட்டவணையில் இந்த ஐந்து இடங்களையும் அடைத்து வைத்திருக்கிறது, அதனால் அங்கே உயிர் பிழைக்கும். வெளியே எடுத்து வேறொரு கருவியில் போட்டால் அது தன் இஷ்டப்படி நடக்கும். சில கருவிகள் பிழை காட்டி நின்றுவிடும், சில அந்த இடத்தில் கேள்விக்குறி வைக்கும். மீட்ட பட்டியலில் புள்ளிகளும் உகரங்களும் மட்டும் குறிவைத்துக் காணாமல் போயிருந்தால் சந்தேகப்பட வேண்டிய இடம் இதுதான்.

கோளாறு என்று யாராவது கூப்பிட்டால் திரையை நம்பாதீர்கள், பைட்டைப் பாருங்கள். மைஎஸ்கியூஎல்லில் ‘ஹெக்ஸ்’ என்ற கட்டளை போதும். பதினாறடிமான எண்ணில் ‘ஈ0-ஏஈ’ என்றோ ‘ஈ0-ஏஎஃப்’ என்றோ வந்தால் தமிழ் பைட்கள் பத்திரமாக இருக்கின்றன, அட்டவணைப் பெயரைத்தான் திருத்த வேண்டும். ‘சி3-ஏ0’ என்று தொடங்கினால் குப்பையையே மறுபடியும் யுடிஎஃப்-8 ஆக்கிவிட்டார்கள், ஆனாலும் பின்னோக்கி அவிழ்க்கலாம். வரிசையாக ‘3எஃப்’ என்று வந்தால் அவை நிஜக் கேள்விக்குறிகள். அதில் மீட்க எதுவும் இல்லை, பழைய காகிதத்தைத்தான் தேட வேண்டும். மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வரில் இது சகஜம். தமிழுக்கென்று, 1252 போல அது பயன்படுத்தக்கூடிய யுனிகோட் அல்லாத விண்டோஸ் அட்டவணை எதுவும் கிடையாது. ஆகவே தமிழ்ச் சொல்லின் மேற்கோள் குறிக்கு முன்னால் ‘என்’ என்ற ஓர் ஆங்கில எழுத்தைப் போட மறந்தாலே பெரும்பாலும் பெயர் முழுக்கக் கேள்விக்குறியாகிவிடும். வெறும் கட்டங்களாகத் தெரிந்தால் அவ்வளவு கவலை வேண்டாம், அது பெரும்பாலும் ஃபான்ட் இல்லாத குறை.

இன்னொரு வகையும் நம்மிடம் நிறைய உண்டு. யுனிகோடுக்கு முன் டிஸ்கி, டாம், டாப், வானவில் என்று பல குறியேற்றங்களில் தட்டச்சு செய்த பழைய கோப்புகள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாடு டாம், டாப் இரண்டையும் தரப்படுத்த முயன்றது. 2010இல் தமிழக அரசு யுனிகோடையும் டேஸ்-16 என்ற குறியேற்றத்தையும் தரமாக அறிவித்தது. டிஸ்கி போன்ற அந்தப் பழைய கோப்புகளின் தரவுகளை அட்டவணை மாற்றி மீட்க முடியாது. எந்தக் குறியேற்றம் என்று கண்டுபிடித்து அதற்குரிய மாற்றியை ஓட்ட வேண்டும்.

லத்தீன் என்று பெயர் சூட்டிய டேபிள் நெடுவரிசையில் தமிழ் பைட் இருக்கிறது என்று தெரிந்ததும் பலர் செய்வது, ‘கன்வெர்ட்’ கட்டளையை நேராகக் கொடுப்பது. அது அந்தத் தலைக்கோட்டு ‘ஏ’க்களை நிஜ எழுத்துகளாக நம்பி, அவற்றை அக்கறையோடு யுடிஎஃப்-8 ஆக்கிவிடும். ஒரு வியாதி இரண்டாகும். முதலில் அந்த நெடுவரிசையை எழுத்தே இல்லாத வெறும் பைட் வகைக்கு, அதாவது ‘பிளாப்’புக்கு மாற்ற வேண்டும். பிறகு ‘யுடிஎஃப்8எம்பி4’ எழுத்து வகைக்கு. நடுவில் யாரும் மொழிபெயர்க்காததால் பைட் அப்படியே இருக்கும்.

அந்தப் பெயரின் கடைசியில் உள்ள ‘எம்பி4’ முக்கியம். மைஎஸ்கியூஎல்லில் வெறும் ‘யுடிஎஃப்8’ என்றால் மூன்று பைட்டோடு சரி. வழக்கமான தமிழுக்கு அது போதும் என்பதால் நம் ஆட்கள் பலர் அதோடு நின்றுவிடுகிறார்கள். வாடிக்கையாளர் ஓர் எமோஜி போட்டால் பெரும்பாலும் அது நான்கு பைட், உள்ளே போகாது. பழைய பத்திரங்களில் வரும் முந்திரி, காணி போன்ற தமிழ்ப் பின்னக் குறிகளுக்கு 2019இல் யுனிகோட் 12.0 தனித் தொகுதி கொடுத்தது. அந்தத் தொகுதியில் உள்ள 51 குறிகளும் நான்கு பைட்தான்.

டேட்டாபேஸ் பதிப்பை உயர்த்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்ப வேண்டாம். புது டீஃபால்ட் இனி உருவாக்கும் டேட்டாபேஸ்களுக்கே பொருந்தும், பழைய டேட்டாபேஸ்களும் டேபிள்களும் பழைய அட்டவணையிலேயே கிடக்கும். சர்வர், டேட்டாபேஸ், டேபிள், நெடுவரிசை, இணைப்பு என ஐந்து இடத்திலும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

உங்கள் கடைக்கோ அலுவலகத்துக்கோ புது சாஃப்ட்வேர் போட ஆள் வந்தால், பணம் கொடுப்பதற்கு முன் அவரை ‘திருவொற்றியூர்’, ‘ஏணி’, ‘ஐப்பசி’ என்று தட்டச்சு செய்து கடைசியில் ஓர் எமோஜியும் சேர்க்கச் சொல்லுங்கள். சேமித்து, மூடி, திறந்து, தேடி, அச்செடுத்துக் காட்டட்டும். ஏற்கெனவே ஓடும் டேட்டாபேஸ் என்றால், முழு பேக்கப் எடுத்து வேறொரு கணினியில் அது திறக்கிறதா என்று பார்த்த பிறகே யாரையும் கை வைக்க விடுங்கள்.