'யுவர் நேம்': மூன்று வருடங்கள் பிந்திய ஓர் எச்சரிக்கை

கடந்த விடுமுறையில் மகள் விடாமல் கேட்டதால் அவளோடு ஒரு ஜப்பானிய கார்ட்டூன் படம் பார்த்தேன். மகோத்தோ ஷின்காய் இயக்கி 2016இல் வெளிவந்த 'யுவர் நேம்'. சிறுபிள்ளைகளின் படம் என்ற எண்ணத்தில்தான் உட்கார்ந்தேன்.

டோக்கியோ மாணவன் டாக்கியும், இதொமொரி என்ற கற்பனை மலையூரின் மாணவி மிட்சுஹாவும் சில நாட்களில் ஒருவர் உடலில் மற்றவராகக் கண்விழிக்கிறார்கள். கைத்தொலைபேசியில் குறிப்பெழுதி வைத்துச் சமாளிக்கிறார்கள். பாதிப் படம் வரை சிரிப்புத்தான். (ஷின்டோ ஆலயச் சடங்குகளும் மது காணிக்கையும் இடையில் வருகின்றன. பெற்றோர் அதைத் தெரிந்துகொண்டு பார்ப்பது நல்லது.)

திடீரென அந்த மாற்றம் நின்றுவிடுகிறது. அவளைத் தேடிப் போகும் டாக்கிக்கு அப்போதுதான் விளங்குகிறது: வால்வெள்ளியின் துண்டொன்று விழுந்து அந்த ஊர் மூன்று வருடங்களுக்கு முன்பே அழிந்துவிட்டது. அவன் வாழ்வது 2016இல், அவள் வாழ்ந்தது 2013இல். அழிவுக்கு முதல் நாள் அவள் டோக்கியோவுக்கு ரயிலேறி வந்து அவனைச் சந்தித்தும் இருக்கிறாள். அவனுக்கு அவளைத் தெரியவில்லை. அவனுடைய கணக்கில் இன்னும் எதுவும் தொடங்கவேயில்லை.

நூலகத்தில் இறந்தோர் பட்டியலில் அவளுடைய பெயரை அவன் கண்டுபிடிக்கும் இடத்தில் நான் படத்தை நிறுத்தினேன். 2005 ஜனவரியில் கிழக்குக் கரையோரப் பாடசாலையொன்றில் இடாப்பு வாசித்தவன் நான். சில பெயர்களுக்குப் பதில் வரவில்லை.

2011 மார்ச் 11 நிலநடுக்கமும் சுனாமியுமே இக்கதைக்குத் தூண்டுதல் என இயக்குநர் கூறியிருக்கிறார். அதனால் என் பார்வையில் இது காதல் கதையை விட எச்சரிக்கையின் கதை. நடக்கப்போவது தெரிந்தும் மிட்சுஹாவால் ஊரை எளிதில் நம்பவைக்க முடியவில்லை. நகர முதல்வரான தகப்பனே அவள் சொல்வதை ஏற்க மறுக்கிறார். தோழி ஊர் ஒலிபெருக்கியில் களவாக அறிவிப்புச் செய்கிறாள்.

நமக்கோ அறிவிப்பே இருக்கவில்லை. சுமத்திராவில் நிலம் அதிர்ந்ததற்கும் நம் கரையில் அலை ஏறியதற்கும் இடையில் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலங்கள் இருந்தன.

படத்தில் ஓர் ஆசிரியை 'தசோகாரே' என்ற சொல்லைப் பாடமாக எடுக்கிறார். அந்திப்பொழுது என்று பொருள். 'அது யார்?' என்ற பழைய கேள்வியிலிருந்து பிறந்தது. எதிரே வருபவரின் முகம் தெரியாத, நமது மஃரிப் நேர வெளிச்சம். அந்தச் சில நிமிடங்களில் மட்டுமே இருவரும் நேருக்கு நேர் நிற்கிறார்கள். இருட்டியதும் பெயர்கள் மறந்துபோகின்றன.

"வாப்பா, ஏன் நடுவுல நிப்பாட்டினீங்க?" என்று மகள் கேட்டாள். அவள் 2006இல் பிறந்தவள். இடாப்பில் இருந்த மூன்று பெயர்களைச் சொன்னேன்.