வக்கீல்களை உருவாக்கிய வாத்தியார்

நகரி, புத்தூர் பக்கம் ஒரு பையன் சட்டம் படிக்கப் போகிறான் என்றால், முன்பெல்லாம் வீட்டில் பெருமையைவிடப் பெருமூச்சுதான் அதிகம். வேறெதிலும் இடம் கிடைக்காதவன் போகும் படிப்பு என்ற எண்ணம். வகுப்புக்குப் போகாவிட்டாலும், கடைசி மாதத்தில் நோட்ஸ் வாங்கிப் படித்துத் தேறிவிடலாம் என்ற நிலை நாடெங்கும் பல கல்லூரிகளில் இருந்தது. அதை மாற்றிக் காட்டியவர் டாக்டர் என். ஆர். மாதவ மேனன்.

1935 மே 4-ந் தேதி பிறந்த மேனன், சிறு வயதிலேயே தந்தையை இழந்தவர். முதலில் படித்தது விலங்கியல்! பிறகுதான் சட்டம். டில்லியில் மத்திய அரசுச் செயலகத்தில் உத்தியோகமும் கிடைத்தது. அந்த நிரந்தர வேலையை உதறிவிட்டு, மேற்படிப்புக்காக அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்துக்குப் போனார். நம் வீட்டுப் பிள்ளை அப்படிச் செய்தால் சும்மா விடுவோமா?

டில்லிப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தபோது, ஏழைகளுக்கான சட்ட உதவிப் பணியில் மாணவர்களையே ஈடுபடுத்தினார். புதுச்சேரி அரசு சட்டக் கல்லூரியின் முதல்வராகவும் இருந்தார்.

அவருடைய பெயரை நிலைநிறுத்தியது பெங்களூர் தேசிய சட்டப் பள்ளி. இந்திய பார் கவுன்சிலின் முயற்சியில் உருவான அதில் 1988-ல் வகுப்புகள் தொடங்கின. பள்ளிப் படிப்பு முடிந்ததும் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பு. ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளும் பேச்சே கிடையாது. தீர்ப்புகளை முன்கூட்டியே படித்து வரவேண்டும். ஆசிரியர் குறுக்குக் கேள்வி போடுவார். ஒவ்வொரு பாடத்துக்கும் ஆய்வுக் கட்டுரை, மாதிரி நீதிமன்ற வாதம் வேறு. 12 ஆண்டுகள் இயக்குநராக இருந்து இந்த முறையை அவர் வேரூன்றச் செய்தார். பின்னர் கல்கத்தாவில் இன்னொரு சட்டப் பல்கலைக்கழகத்தை உருவாக்கினார். போபாலில் நீதிபதிகளுக்கே பயிற்சி தரும் அகாடமியை நடத்தினார். 2003-ல் பத்மஸ்ரீ, 2019 மே 8-ல் காலமான பின், 2020-ல் பத்மபூஷண்.

ஒரு மனக்குறை அவருக்கு இருந்தது. கோர்ட்டுக்கும் ஏழைகளுக்கும் என்று அவர் தயார் செய்த பிள்ளைகளில் பலர் பெரிய கம்பெனிகளின் சம்பளத்துக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்லவும் மனம் வரவில்லை.

நகரியிலிருந்து பெங்களூர் சில மணி நேரப் பயணம்தான். ஆனால் தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கு 2008-ல் தொடங்கிய பொது நுழைவுத் தேர்வு ஆங்கிலத்திலேயே நடந்து வந்திருக்கிறது. தமிழ் வழியில் படித்த நம் பிள்ளைகளுக்கு அந்தத் தூரம்தான் அதிகம்.