84 எழுத்துகளில் மாட்டிய பூஞ்சை

கதிர் வெளுத்து நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் முற்றிவிட்டது, அறுக்கலாம் என்றே தோன்றும். கையில் வைத்துக் கசக்கினால் சுருங்கிப்போன பதர்தான் உதிரும். 2016 பிப்ரவரியில் வங்கதேசத்துக் கோதுமை வயல்கள் இப்படித்தான் வெளுத்தன. சுமார் 15,000 ஹெக்டேர் பாதிப்பு. ஆசியா அதுவரை கண்டிராத கோதுமைக் குலைநோய்!

நம் நெல் விவசாயிகளுக்குக் குலைநோய் புதிதல்ல. கோதுமையைத் தாக்குவதும் அதே மேக்னபோர்த்தே ஒரைசே பூஞ்சைதான், ஆனால் வேறொரு கிளை. 1985இல் பிரேசிலின் பரானா மாநிலத்தில் முதன்முதலாகக் கண்டார்கள். அதன்பின் முப்பது ஆண்டுகள் தென் அமெரிக்காவைத் தாண்டவில்லை. அப்படியிருக்க, வங்கதேசத்துக்கு எப்படி வந்தது? பக்கத்து நெல்வயல் பூஞ்சை கோதுமைக்குத் தாவியதா, கடல் கடந்து வந்ததா? விடை கண்ட ஆய்வுக்கூடத்துக்குள் எட்டிப் பார்ப்போம், வாங்க. அவ்வளவு சுவாரசியம்!

பூஞ்சையைப் பிரித்தெடுத்து, தட்டில் வளர்த்து, டி.என்.ஏ. எடுப்பது வழக்கமான முறை. நாள் பிடிக்கும். உயிருள்ள கிருமியை நாடு விட்டு நாடு அனுப்புவதும் ஆபத்து. வங்கதேசத்தின் காஜிப்பூரில் வேளாண் பேராசிரியரான டொஃபஸ்ஸல் இஸ்லாமும், இங்கிலாந்தின் நாரிச் நகரில் செயின்ஸ்பரி ஆய்வகத்தைச் சேர்ந்த சோபியான் கமூனும் குறுக்குவழி பிடித்தார்கள். நோயுற்ற இலையிலிருந்து நேரடியாக ஆர்.என்.ஏ. எடுத்தார்கள். கோதுமையுடையதும் பூஞ்சையுடையதும் கலந்துதான் வரும். வரட்டுமே! மொத்தத்தையும் வாசித்துவிட்டு, கோதுமை ஜீனோமோடு பொருந்தும் துண்டுகளை ஒரு பக்கமும் பூஞ்சை ஜீனோமோடு பொருந்துவதை இன்னொரு பக்கமும் கணினியில் ஒதுக்கினார்கள். நோய்க்குறி இல்லாத இலைகளையும் கூடவே வாசித்து ஒப்பிட்டார்கள்.

அடுத்து அவர்கள் செய்ததுதான் எனக்கு மிகப் பிடித்தது. ஆய்வுக் கட்டுரை வரட்டும் என்று காத்திருக்காமல், தரவு முழுவதையும் இணையத்தில் திறந்து வைத்தார்கள். சுவிட்சர்லாந்திலிருந்து டேனியல் குரோல் அதை எடுத்து வம்சாவளி மரம் வரைந்தார். வங்கதேச மாதிரிகள் நெல் பூஞ்சைகளின் கிளையில் உட்காரவில்லை. தென் அமெரிக்கக் கோதுமைப் பூஞ்சைகளோடு போய் ஒட்டிக்கொண்டன. விருந்தாளி எங்கிருந்து வந்தது என்பது தெரிந்துவிட்டது!

சரி, வந்த பிறகு எப்படிப் பெருகுகிறது? இங்கேதான் இனத்தொகை மரபியலின் அழகு. பூஞ்சை இணை சேராமல் வித்துகளை விட்டால், அத்தனையும் ஜெராக்ஸ் பிரதிகள். இணை சேர்ந்தால் மரபணுக்கள் கலைந்து புதுப் புதுச் சேர்க்கைகள் பிறக்கும். எது நடந்தது என்று கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. ஜீனோமில் இரண்டு இடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இடத்தில் சில மாதிரிகளுக்கு ஏ என்ற டி.என்.ஏ. எழுத்து, சிலவற்றுக்கு ஜி. இரண்டாவதில் சி அல்லது டி. ஏசி, ஏடி, ஜிசி, ஜிடி என நான்கு சேர்க்கையும் கூட்டத்தில் தென்பட்டால், எங்கோ கலப்பு நடந்திருக்கிறது. ஏனென்றால் ஒவ்வோர் இடத்திலும் ஒரே ஒரு முறை மாற்றம் நேர்ந்து, கலப்பே இல்லாமல் வழிவந்தால், மூன்றுக்கு மேல் வர வழியில்லை. ஒரு துண்டுக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள், சரியாக மூன்றோடு நின்றுவிடும்! இரண்டு எழுத்துகளைப் பார்த்து ஓர் உயிரினத்தின் இனப்பெருக்கத்தையே ஊகிக்க முடிகிறது.

2018இல் ஆப்பிரிக்காவின் ஜாம்பியாவிலும் இதே நோய். செர்கியோ லடோரே, ஹெர்னான் புர்பானோ, கமூன் உள்ளிட்ட பெரிய குழு, 500க்கும் மேற்பட்ட மாதிரிகளில் ஜீனோமின் 84 இடங்களை மட்டும் ஒப்பிட்டது. முழு ஜீனோம்களையும் சரிபார்த்து 2023இல் முடிவை வெளியிட்டார்கள். வங்கதேசத்திலும் ஜாம்பியாவிலும் இருப்பது ஒரே பிரதி வம்சம், அதாவது இணை சேராமல் பெருகியது. 2012இல் பொலிவியாவில் எடுத்த ஒரு மாதிரியின் பெயரால் அதை பி71 என்கிறார்கள். ஆனால் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போகவில்லை. இரண்டு முறை தனித்தனியே வந்து இறங்கியிருக்கிறது!

பிரதி வம்சம் என்பதில் நமக்கு ஒரு லாபம் உண்டு. ஒன்றின் பலவீனம் மற்றவற்றுக்கும் பெரும்பாலும் இருக்கும். கோதுமையின் ஆர்.எம்.ஜி.8 என்ற எதிர்ப்பு மரபணு இந்த வம்சத்தை அடையாளம் கண்டு தடுக்கிறது. ஸ்ட்ரோபிலூரின் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்துக்கும் இது கட்டுப்பட்டது என்று 2023 ஆய்வு சொன்னது. ஆனால் ஆய்வகத்தில் மருந்தைத் தாங்கும் மாற்றுருக்கள் தோன்றியதையும், ஆப்பிரிக்கக் கேழ்வரகுக் குலைநோய்ப் பூஞ்சையோடு இது இணைசேர முடிவதையும் அதே குழு காட்டியிருக்கிறது. வயலில் அப்படிக் கலந்தால் பிறப்பது வேறு பூஞ்சை. அதனால்தான் புது மாதிரி கிடைக்கும்போதெல்லாம் அந்த 84 இடங்களின் எழுத்துகளைத் திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டியிருக்கிறது.

உயிரியலோ கணினியோ படிக்கும் தம்பி தங்கைகளே, இந்தத் தரவு யாரும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் இருக்கிறது. ஒரு மடிக்கணினி போதும். தரவிறக்குங்கள், உங்கள் கையால் ஒரு மரம் வரைந்து, வங்கதேச மாதிரிகள் எந்தக் கிளையில் வந்து உட்காருகின்றன என்று பாருங்கள்.