நூலகமும் மீன்வளர்ப்போரும்: சித்தாண்டியை முன்வைத்துச் சில குறிப்புகள்

நூலகம் நாவலுக்கும் நாளிதழுக்கும் உரிய இடம், உற்பத்தியோடு அதற்கு உறவில்லை என்னும் எண்ணம் நம்மிடையே ஊறிப்போனது. மூளையுழைப்பையும் உடலுழைப்பையும் பிரித்துவைக்கும் வர்க்கப் பார்வையே இதன் அடிப்படை. இலக்கியத்துறையினராகிய நாமும் இதனை வளர்த்தவர்களே.

சித்தாண்டி முந்தனையாற்றின் வெள்ளத்தை அறிந்த ஊர். இத்தகைய உலர்வலயப் பகுதிகளில், மாரியில் நிரம்பிக் கோடையில் வற்றும் சிறு குளங்களிற் கட்லா, ரோகு, திலாப்பியாக் குஞ்சுகளை இட்டு, நீர் வற்றுமுன் பிடிப்பது நன்கறியப்பட்ட முறையாகும். பருவம் தவறின் ஓராண்டு உழைப்பே தவறும்.

ஓர் உதாரணத்தை நோக்குவோம். விடியற்காலையில் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாய்பிளப்பதை வளர்ப்பவர் காண்கிறார். இரவில் ஒளிச்சேர்க்கை நின்றுவிட, பாசியும் மீனும் ஒருங்கே ஒட்சிசனை உட்கொள்வதால் நீரில் அது குன்றிவிடுகிறது. தீனியை நிறுத்திப் புதுநீர் பாய்ச்சினால் பெருநட்டத்தைத் தவிர்க்கலாம். ஒரு பக்கத்தில் அடங்கும் செய்திதான். ஆயின் ஆய்வுகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. விலை நிலவரமோ முன்பணம் கொடுத்த வியாபாரியின் வாயில் உள்ளது. வலையும் குஞ்சும் போலவே அறிவும் ஓர் உற்பத்திச் சாதனம். அது யார் கையில் உள்ளது என்பதே வினா.

அரசை மட்டும் நம்பியிருப்பதன் விளைவை வரலாறு காட்டும். 1990 இல் உள்நாட்டு மீன்பிடிக்கான ஆதரவை இலங்கை அரசு விலக்கிக்கொண்டது. 1994 இலேயே அது மீண்டது. நீருயிரின வளர்ப்புக்கெனத் தனி அதிகாரசபை அமைக்கும் சட்டம் 1998 இல் வந்தது. அதிகாரியோடு வந்த அறிவு அதிகாரியோடு போகும். ஊர் நூலகத்திற் பதிவானது அவ்வாறு போவதில்லை.

புதுச்சேரியில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 இல் தொடங்கிய கிராம அறிவு மையங்கள் இங்கு மனங்கொள்ளத்தக்கவை. அவை பொது நூலகங்கள் அல்ல, பயன்பெற்றோரும் கடற்றொழிலாளரே. எனினும் வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படை வெளியிட்ட அலையுயர முன்னறிவிப்பைப் பெற்றுத் தமிழில் ஒலிபெருக்கியில் வாசித்தனர். எழுத்தறியாதவருக்கும் அது எட்டியது. 2004 ஆழிப்பேரலையின்போது நல்லவாடு மக்கள், சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் வந்த எச்சரிக்கையை அடுத்து, மையத்தின் கதவை உடைத்து அதே ஒலிபெருக்கியால் ஊரை வெளியேற்றினர். மையம் தம்முடையது என்ற உணர்வு இருந்தமையாற்றான் கதவை உடைக்கத் துணிந்தனர் என்பேன்.

நமது உள்ளூராட்சி நூலகங்கள் இவ்வுணர்வை எவ்வாறு பெறும்? அருகே வந்தாறுமூலையிற் கிழக்குப் பல்கலைக்கழகம் உள்ளது. அதன் மாணவர் ஆய்வுகளை எளிய தமிழில் ஆக்கலாம். அதனினும் முக்கியமானது, வளர்ப்போர் தாமே எழுதும் ஒரு கொப்பி: குஞ்சு இட்ட நாள், எண்ணிக்கை, பிடித்த நிறை, விற்ற விலை, வாங்கியவர் அடித்த கழிவு. பல குளங்களின் கணக்கு ஒரே மேசையில் சேரும்போது வியாபாரியின் விலையும் ஒப்பிடற்குரியதாகிவிடும். எழுத இயலாதவருக்கு நூலகர் எழுதிக்கொடுக்கவேண்டும். அலுவலக நேரம் முடிந்ததும் பூட்டப்படும் கட்டடத்தில் இது நடவாது. குளத்தடியிலிருந்து அவர்கள் திரும்புவது பொழுது சாய்ந்த பின்னரே.