காட்டு மரங்களுக்குக் காவல் யார்?

இரும்பில் துரு ஏறுவதை நாம் யாவரும் கண்டிருக்கிறோம். மரத்திலும் துரு ஏறும் என்றால் நம்மிற் பலர் வியப்படையக்கூடும். இலையின்மீது மஞ்சள் நிறப் பொடியாகத் தோன்றும் ஒருவகைப் பூஞ்சை வியாதிக்குத் துரு நோய் என்று பெயர். அவ்வியாதிகளில் ஒன்றன் சரித்திரத்தில், மரம் வளர்க்கும் தேசத்தார் அனைவரும் சிந்திக்கவேண்டிய நீதி ஒன்று அடங்கியிருக்கிறது. ஆகவே அதனை இன்று எடுத்துக்கொண்டோம்.

1884-ம் வருஷத்தில் பிரேஸில் தேசத்துக் கொய்யா மரத்தில் இத்துருப் பூஞ்சை முதன்முதலாகக் கண்டு வர்ணிக்கப்பட்டது. அதே தேசத்தில் ஆஸ்திரேலியாவின் தைல மரமாகிய யூகலிப்டஸைக் கொணர்ந்து பெருந்தோட்டங்களாகப் பயிரிட்டனர். கொய்யாவும் தைல மரமும் கடல்கடந்து பிரிந்து வாழ்ந்தவையாயினும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. உள்ளூர்க் கொய்யாவில் குடியிருந்த பூஞ்சை, வந்தேறிய உறவினனையும் பற்றிக்கொண்டது. 1970-களில் நாற்றங்கால்களிலும் இளந்தோட்டங்களிலும் பெருஞ்சேதம் விளைந்தது.

இந்நோய் முற்றிய இலையை அதிகம் நாடுவதில்லை. தளிரையும், பூவையும், பிஞ்சையுமே நாடுகிறது. பொடியிலுள்ள நுண்ணிய வித்துக்கள் காற்றில் மிதந்தும், நாற்றுக்களிலும் மனிதர் உடையிலும் ஒட்டிக்கொண்டும் நெடுந்தூரம் செல்கின்றன. ஈரம் தங்கிய இளம் இலையில் விழுந்தால் இரவிலேயே முளைவிடுகின்றன. தளிர்க்குந்தோறும் தளிர் கருகுமாயின் மரம் எத்தனை நாள் தாங்கும்?

பிரேஸில் தோட்ட முதலாளிகள் கைகட்டி நிற்கவில்லை. நோய் தாங்கும் மரங்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் கொம்புகளிலிருந்தே கன்றுகளைப் பெருக்கித் தோட்டங்களைக் காத்துக்கொண்டனர். அவர்களுக்குப் பொருள் இருந்தது, விஞ்ஞானிகள் இருந்தனர், மரத்திற்கு விலையும் இருந்தது. இதை நாம் குறை கூறவில்லை. ஆனால் விலையில்லாத மரத்தின் கதி என்ன என்பதே நம்முடைய கேள்வி.

அதற்கு விடை ஆஸ்திரேலியாவில் கிடைத்தது. பிரேஸிலில் தைல மரம் பட்ட பாடு, அதன் தாயகத்திற்கு ஒரு முன்னெச்சரிக்கையாகவே இருந்தது. அவ்வெச்சரிக்கை தெரிந்திருந்தும், 2010-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில், நியூ ஸௌத் வேல்ஸ் மாகாணத்தில், இதே பூஞ்சையின் ஒரு வகை தோன்றிவிட்டது. அவ்வருஷம் முடிவதற்குள்ளாகவே அதனை அடியோடு ஒழிப்பது இயலாதென்று அதிகாரிகள் முடிவு செய்தனர். இன்றோ அங்கே 350-க்கு மேற்பட்ட சுதேச இனங்கள் இதற்கு இலக்காகக் கூடியவை என்று அறியப்பட்டிருக்கின்றன.

அவற்றுள் இரண்டைச் சொல்வோம். நாட்டுக் கொய்யா என்று அங்கே வழங்கும் ஒரு காட்டு மரமும், புதர்க் கற்பூரத்தைல மரம் என்று பொருள்படும் பெயருடைய மற்றொன்றும், முன்பு கிழக்குக் கரையோரக் காடுகளில் பரவி வளர்ந்தவை. பத்தே ஆண்டுகளில், 2020-ல், இவ்விரண்டும் அழிவின் விளிம்பில் நிற்பவையென்று அத்தேசத்துச் சட்டப் பட்டியலில் ஏறின. பெரிய மரங்கள் பட்டுப்போகின்றன. எஞ்சியவை கனி தருவது அரிதாகிறது. புதிய கன்று தலையெடுக்க வழியில்லை. தாவரவியல் தோட்டங்களில் கொம்புகளை நட்டு அக்குலத்தைக் காக்க முயல்கின்றனர்.

2017-ல் நோய் நியூஸிலாந்தையும் அடைந்தது. அங்கே மாவோரி மக்கள் தங்கள் பிதுரார்ஜிதமாகப் போற்றும் பொஹுடுகாவா மரமும் இதே குலத்தது. ஒரு ஜாதி மரம் அழிவது விறகு குறைவது மட்டுமன்று. அம்மரத்தோடு பிணைந்த ஜனங்களின் ஞாபகமும் குறைகிறது.

மரங்கள் தோன்றுவதும் மறைவதும் இயற்கைதானே என்று சிலர் கூறலாம். காற்றை எவராலும் தடுக்க இயலாதென்பது மெய்யே. ஆயினும் நாற்றுக்களையும் பூக்களையும் கப்பலேற்றுவது காற்றன்று, மனிதன். ஹவாய்த் தீவினர் 2005-லேயே இந்நோயைக் கண்டவர்கள். இருந்தும், இன்னும் கொடிய வகைகள் வந்து தங்கள் ஒஹியா மரத்தைத் தாக்கக்கூடாதென்று, 2020-ல் இக்குலச் செடிகளின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு விதித்தனர். ஒரு திருடன் நுழைந்துவிட்டான் என்பதற்காகக் கதவைத் திறந்தே போடுபவன் அறிவாளியல்லன்.

நமக்கென்ன என்று நாமும் இருப்பதற்கில்லை. நம் நாவலும், நாம் உண்ணும் கொய்யாவும், 1843-ல் நீலகிரிக்கு வந்த தைல மரமும் இக்குலத்தினவே. 1869-ல் இலங்கையில் தோன்றிய வேறொரு துரு நோய் அங்கே காப்பித் தொழிலைப் பாழாக்கியதையும் தமிழர் மறப்பதற்கில்லை. அப்பொழுது தப்பிய தோட்டக்காரர்கள் தேயிலைக்கு மாறினர். தோட்டக்காரன் பயிரை மாற்றிக்கொள்வான். காட்டிற்கு அந்த வசதி இல்லை.

ஆகவே துறைமுகங்களிலும் விமான நிலையங்களிலும் செடிப் பரிசோதனை கண்டிப்பாக நடைபெறவேண்டும். காட்டு மரங்களின் வித்தையும் கன்றையும், நோய் வருமுன்னரே சேகரித்துப் பேணவேண்டும். வெளியூர் சென்று திரும்புவோர் ஒரு கொம்பையேனும் மறைத்துக் கொண்டுவராதிருத்தல் வேண்டும். தோட்டத்திற்கு முதலாளி காவல். காட்டிற்கு ஜனங்களே காவல். அவர்களும் கண்ணயர்ந்தால் வேறு காவல் இல்லை.